மாக்கோழியும் படநூலும்

(கோடை விடுமுறையில் ஏற்காட்டில் நடைபெற்ற சிறுவர் அறநெறி முகாமின் நிறைவு நாளன்று பெற்றோர்களிடையே ஆற்றிய உரை)



‘குழந்தைகளுக்கான விலங்குக் கதைப் படநூல்கள்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு எனக்குப் பணித்துள்ளார்கள். நெடுங்காலம் தமிழாசிரியனாக இருந்தவன் என்பதால், நூற்பட்டியல் ஒன்றை வாசித்துவிட்டு அமரலாம் என்றே முதலில் எண்ணியிருந்தேன். ஆனால், மூன்று நாட்களுக்கு முன் இம்மலைக்கு வரும் வழியில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி என் உரையை மாற்றிவிட்டது.

சேலத்திலிருந்து ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் எங்கள் பேருந்து சற்றே நின்றது. சாளரத்தின் வழியே ஒரு குரங்கு கைநீட்டி, என் பெயர்த்தியின் மடியிலிருந்த முறுக்குப் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு மதில்மேல் ஏறி அமர்ந்தது. குழந்தை அழவில்லை, கைகொட்டிச் சிரித்தாள். “தாத்தா, என் புத்தகத்துல வர்ற திருட்டுக் குரங்கு!” என்றாள். அவள் சொன்ன நூலை நான் அறிவேன். தொப்பி வியாபாரியும் குரங்குகளும் பற்றிய பழங்கதைதான். வாங்கிக் கொடுத்தவனும் நானே. அதிலுள்ள குரங்குகள் அனைத்திற்கும் ஓவியர் மாறுகண்ணும் கோணற்சிரிப்பும் வைத்திருக்கிறார்.

அன்று மாலை, முகாமில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் இலாஞ்சனங்களைக் குழந்தைகளுக்குப் படத்தில் காட்டினார்கள். ஆதிநாதருக்கு எருது, அஜிதநாதருக்கு யானை, சம்பவநாதருக்குக் குதிரை என்று சொல்லிவந்து, நான்காமவராகிய அபிநந்தனருக்குக் குரங்கு என்றதும் என் பெயர்த்தி எழுந்தாள். “திருட்டுக் குரங்கு ஏன் பகவான் பீடத்துல இருக்கு?” என்று கேட்டாள். பெரியவர்கள் சிரித்தோம். எனக்கோ உடனே விடை சொல்லத் தோன்றவில்லை. “நாளைக்குச் சொல்கிறேன்” என்று அவளை உட்கார வைத்தேன். அவளுக்குச் சொல்ல வேண்டிய விடையைத்தான் இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

பெருமக்களே! நம் வீட்டுக் குழந்தை யானையை எங்கே முதலில் காண்கிறது? சிங்கத்தையும் நரியையும் எங்கே காண்கிறது? காட்டில் அன்று, படத்தில்தான். எழுத்தறியாத வயதில், மடியில் அமர்ந்து நாம் வாசிக்கக் கேட்கும்போது, குழந்தையின் செவி நம்மிடம் இருக்கிறது. கண்ணோ படத்தைவிட்டு அகல்வதில்லை. சொல் ‘நரி’ என்று மட்டும் சொல்லும். அந்த நரி நல்லதா கெட்டதா, அஞ்சத்தக்கதா இரங்கத்தக்கதா என்பதைப் படம் முடிவு செய்துவிடுகிறது. குழந்தை பள்ளி செல்லும் முன்னரே இந்தத் தீர்ப்பு மனத்தில் பதிந்துவிடுகிறது.

விலங்குக் கதையும் ஓவியமும் இணைந்திருப்பது புதிதன்று. பஞ்சதந்திரம் 6-ஆம் நூற்றாண்டில் பாரசீக நாட்டின் பழைய மொழியாகிய பகலவிக்குச் சென்றது. 8-ஆம் நூற்றாண்டில் இப்னு அல்முகஃபா என்பவர் அதனை அரபு மொழியில் ‘கலீலா வ திம்னா’ என்று ஆக்கினார். அதன் முன்னுரையிலேயே, விலங்குகளைப் பல வண்ணங்களில் தீட்டிக் காட்டுவது படிப்போர் உள்ளத்தை மகிழ்விப்பதற்கே என்று அவர் குறித்திருக்கிறார். பின்வந்த நூற்றாண்டுகளில் அந்நூல் ஓவியச் சுவடியாகவே நாடு நாடாகப் பயணம் செய்தது. தமிழில் 1826-இல் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பஞ்சதந்திரக் கதையை உரைநடையாக ஆக்கித் தந்தார்.

நம் தலைமுறையினர்க்கு ‘அம்புலிமாமா’வை நினைவூட்ட வேண்டியதில்லை. நாகிரெட்டியாரும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தொடங்கிய அவ்விதழில் பக்கத்திற்குப் பக்கம் படம் இருக்கும். ஓவியர் சங்கரின் கைவண்ணத்தை அறியாத சிற்றூர் அன்று இல்லை. 1957-இல் கேலிச்சித்திர ஓவியர் சங்கர் பிள்ளை தில்லியில் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையை நிறுவினார். 1967-இல் அனந்த் பை ‘அமர் சித்திரக் கதை’யைத் தொடங்கினார். சென்னையிலேயே 1990-களில் தாரா, தூலிகா ஆகிய பதிப்பகங்கள் தோன்றிப் படநூலை ஒரு கலையாகவே வளர்த்தன. தாரா வெளியிட்ட ஆங்கிலப் படநூல் ஒன்றில், உழைக்காமல் உண்ண விரும்பும் சோம்பேறிச் சிங்கத்தைக் குருவி முதலிய சிற்றுயிர்கள் அறிவினால் ஏமாற்றித் தப்புகின்றன. அதன் படங்கள் மராட்டிய நாட்டு வார்லிப் பழங்குடியினர் பாணியைத் தழுவியவை. அந்த மரபில் மனித உடலும் விலங்கின் உடலும் முக்கோணம், வட்டம், கோடு என்னும் அதே சில வடிவங்களால் ஆனவை. அவ்வோவியத்தைப் பார்த்தபோது, எல்லா உயிரையும் ஒன்றாகக் காணும் கண் கல்வியறிவில்லாத குடிசைச் சுவரிலும் இருந்திருக்கிறதே என்று வியந்தேன்.

இவ்வரலாற்றில் நம் சமயத்தாரின் பங்கு யாது? அது சிறிதன்று. பஞ்சதந்திரத்தின் புகழ்பெற்ற வடிவங்களுள் ஒன்றை 1199-இல் தொகுத்தவர் பூர்ணபத்திரர் என்னும் சமண முனிவர். தமிழிலோ, சீவக சிந்தாமணி பாடிய திருத்தக்கதேவர், அதற்கு முன்னர்த் தம் ஆசிரியரின் ஆணைப்படி ஓடும் நரி ஒன்றைப் பொருளாகக்கொண்டு ‘நரிவிருத்தம்’ பாடினார் என்பது செவிவழி வரலாறு. எலிவிருத்தம், கிளிவிருத்தம் என்னும் நூல்களும் நம்மிடம் இருந்தன. இன்று பெயரளவிலேயே எஞ்சியுள்ளன. இம்மலை நிற்கும் கொங்கு நாட்டில், விசயமங்கலத்துக் கொங்குவேளிர் பாடிய பெருங்கதையில், மதங்கொண்ட நளகிரி யானையை உதயணன் அங்குசத்தால் அன்றி யாழிசையால் அடக்குகிறான். இதைவிடச் சிறந்த படநூற் காட்சி எந்நாட்டுக் கதையில் உண்டு?

ஓவியமும் நமக்கு அயலானதன்று. புதுக்கோட்டைச் சித்தன்னவாசலில், 9-ஆம் நூற்றாண்டுத் தாமரைத் தடாகத்தில் யானையும் எருதும் மீனும் அன்னமும் பவ்வியரோடு கலந்து நிற்கின்றன. சினகாஞ்சியாகிய திருப்பருத்திக்குன்றத்தில், 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருகப்பர் எழுப்பிய சங்கீத மண்டபத்தின் விதானத்தை நிமிர்ந்து பாருங்கள். பிற்காலத்தில் அங்குத் தீட்டப்பெற்ற தீர்த்தங்கரர் வரலாறுகள் கட்டம் கட்டமாகச் செல்கின்றன. அவற்றின் கீழே தமிழில் விளக்கம் எழுதப்பட்டிருக்கிறது. படமும் சொல்லும் அருகருகே நிற்கும் அந்த விதானத்தைத் தமிழர்தம் பழைய படநூல் என்று சொன்னால் மிகையாகாது.

இத்துணைச் செல்வம் இருந்தும், நரிவிருத்தத்தை ஒரு குழந்தையின் கையில் கொடுக்கத்தக்க தமிழ்ப் படநூலாக நான் எந்தக் கடையிலும் கண்டதில்லை. நம் குழந்தைகளுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பஞ்சதந்திரமும் ஈசாப்பும்தான். அவற்றை நான் குறைகூறவில்லை. பஞ்சதந்திரம் அரசகுமாரர்களுக்கு உலகியல் அறிவு புகட்டப் பிறந்தது. வலியவரிடம் எளியவர் பிழைக்கும் வழியைச் சொல்வது. ஆனால், அங்கே விலங்கு ஒரு முகமூடி. நரி என்றால் சூழ்ச்சிக்காரன், கழுதை என்றால் மூடன், குரங்கு என்றால் குறும்பன். மனிதனின் குற்றங்களை விலங்கின் தோளில் ஏற்றிவிட்டு நாம் சிரிக்கிறோம்.

நம் புராணங்களில் விலங்கு முகமூடியன்று. அது ஓர் உயிர். பிறவிதோறும் நடந்து வந்து, இன்று அவ்வுடலில் தங்கியிருக்கும் உயிர். பார்சுவநாதரின் முற்பிறவி ஒன்றை எண்ணிப் பாருங்கள். மருபூதி என்பவன் உடன்பிறந்தவனாகிய கமடனால் கொல்லப்பட்டு, வச்சிரகோடம் என்னும் யானையாகப் பிறக்கிறான். வழிச்செல்லும் கூட்டத்தை அந்த யானை மிதித்தழிக்க வருகிறது. அங்கிருந்த அரவிந்த முனிவரைக் கண்டதும் பழைய பிறவி நினைவுக்கு வந்து நின்றுவிடுகிறது. அவரிடம் விரதம் ஏற்று, உலர்ந்த சருகுகளையே உண்டு, பிற விலங்குகள் கலக்கிய நீரையே பருகி வாழ்கிறது. வர்த்தமானர் தம் முற்பிறவி ஒன்றில் சிங்கமாக இருந்தார். மான்வேட்டையின் நடுவே இரு சாரண முனிவர் கூறிய அறவுரை கேட்டுக் கண்ணீர் சொரிந்து புலால் உணவை விட்டார். இக்கதைகளில் விலங்கு நமக்குப் பாடம் கற்பிப்பதற்காகச் செத்து விழுவதில்லை. தானே கற்கிறது, தானே மாறுகிறது. சமவசரணத்தின் பன்னிரண்டு அவைகளுள் ஒன்று விலங்குகளுக்கு உரியது என்பதன் பொருளும் இதுவே.

‘படம்தானே ஐயா, குழந்தை விளையாட்டுக்கு இத்துணை நுணுக்கம் எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு யசோதர காவியம் விடை சொல்லும்.

யசோதர மன்னன் தீக்கனவு கண்டதாகத் தாயிடம் கூறுகிறான். தேவிக்கு உயிர்ப்பலி கொடு என்கிறாள் தாய் சந்திரமதி. மன்னன் மறுக்கிறான். முடிவில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வருகிறார்கள்: மாவினால் கோழி ஒன்று செய்து அதனை வெட்டுவது. உயிரில்லை, குருதியில்லை, வெறும் உருவந்தான். ஆயினும், வெட்டும்போது மனத்தில் கொலை இருந்தது. அந்த ஒரு செயலின் பயனாகத் தாயும் மகனும் மயிலும் நாயுமாக, மீனும் முதலையுமாக, ஆடாக, கோழியாகப் பிறந்து பிறந்து துன்புற்றார்கள் என்று காவியம் சொல்கிறது. வட இந்தியச் சமணப் பெருமக்கள் இக்கதையைத்தான் மீண்டும் மீண்டும் ஓவியச் சுவடியாக எழுதுவித்தார்கள் என்பது எண்ணத்தக்கது.

மாக்கோழி ஓர் உருவம். படநூலின் குரங்கும் ஓர் உருவம். உருவத்தின்மேல் மனம் என்ன செய்யப் பழகுகிறதோ, அதையே பிறகு உயிரின்மேலும் செய்யத் துணிகிறது. படத்து நரி அடிபடும்போது கைகொட்டிச் சிரிக்கப் பழகிய குழந்தை, தெருவில் ஒருவன் நாயைக் கல்லால் அடிக்கும்போது உடனே முகம் சுளிக்குமா? சங்கற்ப இம்சையின் முதற்பாடம் நாம் அறியாமலே நம் மடியில் நடந்துவிடுகிறது. அகிம்சையின் முதற்பாடமும் அதே மடியில், அதே படத்தில்தான் நடைபெற வேண்டும்.

இங்கே ஒரு தடை எழும். அப்படியானால் கொலையும் சாவும் வரும் பக்கங்களை மறைத்துவிடலாமா? நம் இல்லங்களில் சிலர் அவ்வாறே செய்கிறார்கள். சிங்கம் முயலைத் தின்னும் இடத்தில் ‘பழம் தின்றது’ என்று மாற்றி வாசிக்கும் தாய்மாரை நான் அறிவேன். அவர்களின் நோக்கம் தூயது. ஆனால் வழி சரியன்று. நரிவிருத்தத்தைக் கேளுங்கள். புனத்தை அழித்த யானையை வேடன் ஒருவன் புற்றின்மேல் ஏறி நின்று அம்பெய்து வீழ்த்தினான். புற்றிலிருந்த பாம்பு அவனைத் தீண்டியது. அவன் பாம்பை வெட்டிவிட்டுத் தானும் வீழ்ந்தான். அவ்வழியே வந்த நரி மூன்று உடல்களையும் கண்டது. யானை ஆறு மாதத்திற்கு ஆகும், மனிதன் ஏழு நாளைக்கு ஆவான், பாம்பு ஒரு நாளைக்கு ஆகும் என்று கணக்கிட்டது. இப்போதைக்கு இது போதும் என்று வில்லின் நரம்பைக் கடித்தது. நாண் அறுந்தது, வில்லின் முனை தெறித்து நரியும் மாண்டது.

நான்கு சாவுகள் உள்ள கதை! ஒரு துறவி பாடிய கதை! அவர் சாவை மறைக்கவில்லை. சாவைக் கொண்டாடவும் இல்லை. நாளைக்கு என்று சேர்த்து வைப்பவரின் நாள் எண்ணப்பட்டுக்கொண்டே இருக்கிறது என்று இரங்கினார். ஆகவே, வேறுபாடு படத்தில் சாவு இருக்கிறதா இல்லையா என்பதில் இல்லை. அப்பக்கத்தில் குழந்தையின் உள்ளம் எள்ளி நகைக்கிறதா, இரங்குகிறதா என்பதில் இருக்கிறது. அதனை முடிவு செய்வோர் ஓவியர் பாதி, வாசித்துக் காட்டும் நாம் பாதி.

எனவே, பெற்றோர்களுக்குச் சில சொற்கள். நூல் வாங்கும்போது விலங்கின் கண்களைப் பாருங்கள். விலங்கை விலங்காகவே மதித்து வரைந்திருக்கிறாரா, இழிவு செய்திருக்கிறாரா என்பது கண்களிலேயே தெரிந்துவிடும். வாசிக்கும்போது, ‘இதனால் அறியும் நீதி யாது’ என்று உடனே கேட்டுவிடாதீர்கள். ‘இந்த விலங்கு இப்போது எப்படி இருக்கும்? இதற்கு என்ன வேண்டும்? வேறு என்ன செய்திருக்கலாம்?’ என்று கேட்டுப் பாருங்கள். விடை தவறாயினும் குழந்தை பேசட்டும். குறையுள்ள நூல் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதனை எறிந்துவிட வேண்டாம். குறையைக் குழந்தையே கண்டுபிடிக்கட்டும்.

என் பெயர்த்தியோடு நான் அதைத்தான் செய்தேன். மறுநாள் காலை இருவரும் ஏரிப்பக்கம் நடந்தோம். சாலையோரம் வந்தவர்கள் வண்டியை நிறுத்திக் குரங்குகளுக்கு வறுவல் பொட்டலங்களை வீசிக்கொண்டிருந்தார்கள். மரத்தில் கனியும் தளிரும் தேடி உண்ணும் உயிரைச் சாலைக்கு இறக்கியவர்கள் நாம்தான். கையேந்தப் பழக்கியவர்களும் நாம்தான். பழகிய கை பொட்டலத்தைப் பறித்தால், பெயர் மட்டும் திருட்டுக் குரங்கு! அன்பு என்று எண்ணி நாம் வீசும் தின்பண்டம் அதனை நோய்க்கும் வண்டிச் சக்கரத்திற்கும் இரையாக்குகிறது. இவற்றையெல்லாம் அவளிடம் விரித்துரைக்கவில்லை. தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டிருந்த ஒரு குட்டியை மட்டும் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த முகாமில் நேற்றும் இன்றும் குழந்தைகள் நரிவிருத்தக் கதையைக் கேட்டுப் படம் வரைந்தார்கள். அவற்றை ஒன்றாகத் தைத்து ஒரு படநூலாக்கி வாயிலருகே மேசைமேல் வைத்திருக்கிறார்கள், செல்லும்போது பாருங்கள். பலர் நரிக்குப் பேராசைச் சிரிப்பை வரைந்திருக்கிறார்கள். அதுவும் கதைக்குப் பொருந்துவதே. என் பெயர்த்தி வரைந்த நரிக்கு விலா எலும்புகள் வரி வரியாகத் தெரிகின்றன. ஏனம்மா என்று கேட்டேன். “பசிச்சிருக்குல்ல தாத்தா” என்றாள். அபிநந்தனரின் குரங்கைப் பற்றி அவள் மீண்டும் கேட்கவில்லை. கேட்டால் இப்போது என்னால் விடை சொல்ல முடியும்: அம்மா, நாம் திருடன் என்று சொன்னதைப் பகவான் உயிர் என்று கண்டார், அவர் பீடத்தில் அதற்கு இடம் உண்டு.

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்று நான்கு தானங்களை நம் முன்னோர் வகுத்தனர். செல்வர்கள் சுவடி எழுதுவித்துக் கோயில்களுக்கு அளித்தது சாத்திர தானம். அச்சமுற்ற உயிருக்கு அடைக்கலம் தருவது அபய தானம். நம் கதைகளை நல்ல ஓவியத்தோடு ஒரு குழந்தையின் கையில் சேர்த்தால், அந்த ஒரு செயலில் இரண்டு தானங்களும் அடங்கிவிடுகின்றன.

சுருத பஞ்சமி நெருங்கி வருகிறது. அன்று நாம் ஆகமங்களை அலங்கரித்து வழிபடுகிறோம். இவ்வாண்டு ஒவ்வோர் இல்லத்திலும் குழந்தைகள் தம் கையால் வரைந்த ஒரு கதைநூலையும் அப்பீடத்தின் அருகே வைக்குமாறு வேண்டுகிறேன். வச்சிரகோட யானையோ, வர்த்தமானரின் சிங்கமோ, நளகிரியோ, நரியோ எதுவாயினும் ஆகுக. கோடு கோணினால் குற்றமில்லை. அவற்றுள் சிறந்தவற்றைத் தேர்ந்து, தேர்ந்த ஓவியர் ஒருவரைக் கொண்டு வரைவித்து, எளிய தமிழில் அச்சிட்டு, நம் குடும்பங்கள் அனைத்திற்கும் அறக்கட்டளை வழங்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். முதற்படிக்கான செலவில் என் ஓய்வூதியத்திலிருந்து ஒரு பங்கை இன்றே அளிக்கிறேன்.

 எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க. அருகன் அறம் ஓங்குக. ஜெய ஜினேந்திரா.